பெஞ்சில் உட்காரவும் ஒரு அட்டை வேண்டும்

தங்கச்சி மகனைச் சென்னையில் ஒரு அரசுத் துறை அணி ஹாக்கிக்கு எடுத்துக்கொண்டது. வேலை இல்லை, உதவித்தொகை மட்டும். நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கத்தில் மாவட்டத் தேர்வு, கோவில்பட்டி விளையாட்டு விடுதி, சென்னைத் தேர்வு எல்லாம் மளமளவென்று முடிந்தன. வம்பு அதற்கு அப்புறம்தான்.

அணிப் பட்டியலில் பெயர் இருந்தும் லீக் ஆட்டத்தில் அவனை பெஞ்சில்கூட உட்காரவிடவில்லை. நாட்டின் ஹாக்கி சம்மேளனமான ஹாக்கி இந்தியா கொடுக்கும் அடையாள அட்டை நிலுவையில் கிடந்தது. பிறப்புச் சான்றிதழில் வெறும் இனிஷியல். ஆதாரிலோ அப்பா பெயர் முழுசாக, அதுவும் ஒரு எழுத்து மாறி. அணி அலுவலகத்தில் இருந்தவர் கணினியை விட்டுக் கண்ணை எடுக்காமல், "எல்லாம் ஒண்ணா இருக்கணும், சரி பண்ணிட்டு வாங்க" என்றார். எந்தத் தாளைத் திருத்துவது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. நாகர்கோவிலில் இருந்து ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்து போனது இதைக் கேட்கத்தான்.

பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் கவனியுங்கள்: பிறப்புச் சான்றிதழையும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையும் முதலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் ஆதாரை மட்டும் அதன்படி மாற்றினால் போதும். ஆதாரில் பெயர் திருத்த ஆயுளுக்கு இரண்டு முறைதான் விடுவார்கள். அவசரத்தில் ஒன்றை வீணாக்காதீர்கள்.

அட்டை வந்த பிறகும் தங்கச்சி தினமும் போன். "அண்ணா, அவன எதுக்கு எறக்க மாட்டேங்கானுவ?" 2024 கடைசியில் ஹாக்கி இந்தியா லீக் என்ற பெரிய தொழில்முறைப் போட்டி மறுபடி தொடங்கியபோது, ஒரு அணியின் 24 பேரில் 4 ஜூனியர்கள் கட்டாயம் என்று வைத்தார்கள். ஆனால் அணியில் இருப்பது வேறு, களத்தில் நிற்பது வேறு. அதே கோவில்பட்டி விடுதியில் வளர்ந்து இந்திய அணியில் 2022 ஆசியக் கோப்பை வரை போன கார்த்தி, மாரீஸ்வரன் கதையை எவ்வளவு சொன்னாலும் அவளுக்கு ஆறவில்லை.

பயிற்சியாளர் நல்ல மனிதர். பின்வரிசையில் பையன் தப்பு செய்தால் கோல் விழும் என்று, வலது ஓர முன்வரிசையில்தான் இறக்கினார். அதுவும் நடு இரண்டு கால் பகுதிகளில் மட்டும், சில நிமிடம் சில நிமிடமாக. முதல் முறை பந்தை வாங்கித் தலை நிமிர்த்துவதற்குள் எதிரணி ஆள் தட்டிக்கொண்டு போய்விட்டான். உடனே வெளியே கூப்பிட்டார். திட்டவில்லை. கையில் தண்ணீர் பாட்டில், காதில் ரெண்டு வார்த்தை, மறுபடி உள்ளே. கால்பந்து போல வெளியே வந்தால் முடிந்தது என்பது ஹாக்கியில் இல்லை. எத்தனை முறையும் மாற்றலாம். பையனைப் பழக்க இதைவிட நல்ல விதி கிடையாது. அடுத்து இறங்கியபோது, பந்து வருவதற்கு முன்னாலேயே தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டான். கேலரியில் நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

இப்போது அணி முன்னிலையில் இருந்தால் கடைசிக் கால் பகுதியிலும் விடுகிறார்கள். உதவித்தொகைதான் இன்னும் வரவில்லை. வங்கிப் புத்தகத்தில் பழைய எழுத்தே இருக்கிறதாம். திங்கட்கிழமை அதற்கு ஒரு நடை.