மூட்டுச் சவ்வின் செல்கள்: ஆய்வக நாட்குறிப்பு

மார்ச் 4
முடக்குவாதம் முற்றிய ஒரு முட்டியை மாற்றியபோது வெட்டியெடுத்த சவ்வுத் துண்டிலிருந்து பிரித்து, ஏற்கெனவே சில முறை வளர்த்த செல்கள் ஃபிளாஸ்கின் அடியில் நன்றாகப் பிடித்துக்கொண்டன. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இருபுறமும் கூராக நீண்டு, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து கிடக்கின்றன. ஃபைப்ரோபிளாஸ்ட். இணைப்புத் திசுவுக்கு நார் நெய்பவை என்று பாடநூல் ஒரே வரியில் கடந்துவிடும். பாவம், சாரம் கட்டும் ஆளைப் போலத்தான் இவற்றுக்கு மரியாதை.

மார்ச் 11
நேற்று மாலை பாதி ஃபிளாஸ்க்குகளில் டிஎன்எஃப் (அழற்சியைத் தூண்டும் புரதம்) விட்டிருந்தேன். இன்று எலைசா, அதாவது செல்கள் சுரந்த புரதத்தை நிறத்தால் அளக்கும் சோதனை. டிஎன்எஃப் பட்ட செல்களின் திரவம் விட்ட குழிகள் மட்டும் சீக்கிரமே நீலமாகி, அமிலம் விட்டதும் அடர்மஞ்சளாயின. அத்தனையும் இன்டர்லூக்கின்-6, அழற்சியை வளர்க்கும் இன்னொரு புரதம். சில முறை பிரித்து வளர்த்த பிறகு இதில் மேக்ரோஃபேஜ் (கிருமிகளை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்) அநேகமாக மிஞ்சியிருக்காது. இவ்வளவையும் சுரந்தது ஃபைப்ரோபிளாஸ்ட்தான்.

மார்ச் 12
மீடியா (செல்கள் வளரும் ஊட்டத் திரவம்) மாற்றினேன். வேறொன்றுமில்லை.

மார்ச் 15
பழைய கட்டுரைகளோடு ஒரு நாள். நல்ல மூட்டில் சவ்வின் மேல்வரிசை ஓரிரண்டு செல் தடிமன்தான். முடக்குவாதத்தில் பத்தைத் தாண்டும். 1996-இல் இந்தச் செல்களை மனிதக் குருத்தெலும்போடு சேர்த்து, டி, பி நோயெதிர்ப்புச் செல்கள் இல்லாத எலிகளில் வைத்தார்கள். தூண்டிவிட யாருமில்லாமலே குருத்தெலும்பை அரித்து உள்ளே போயின. 2009-இல் இன்னும் ஒரு படி: ஒரு பக்கம் வைத்த செல்கள் இரத்தம் வழியே போய், மறுபக்கம் வைத்த குருத்தெலும்பையும் அரித்தன. படித்துவிட்டு ஃபிளாஸ்க்கை ஒருமுறை முறைத்துப் பார்த்தேன்.

மார்ச் 19
எனக்கு மிகவும் பிடித்தது 2019-இல் வந்த எலி ஆய்வு. சவ்வின் உட்பகுதியில் உள்ள, தை-1 புரதம் கொண்ட ஃபைப்ரோபிளாஸ்ட்கள் வீக்கத்தை வளர்க்கின்றன. மேல்வரிசையில் உள்ள, தை-1 இல்லாதவை வீக்கத்தில் அதிகம் தலையிடாமல் எலும்பையும் குருத்தெலும்பையும் அரிக்கின்றன. வீக்கம் வடிந்த பிறகும் சிலருக்கு எக்ஸ்ரேயில் அரிப்பு தொடர்வதற்கு இந்தப் பிரிவினை ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் கணிப்பு.

மெத்தோட்ரெக்சேட், டிஎன்எஃப் தடுப்பு மருந்துகள் எல்லாம் முக்கியமாகக் குறிவைப்பது நோயெதிர்ப்பு அமைப்பைத்தான். அப்படியானால் ஃபைப்ரோபிளாஸ்ட்டையே அடித்தால் என்ன? அடிக்கலாம், ஆனால் காயம் ஆறுவதற்கும் இதே இனம்தானே வேண்டும்! கெட்ட கூட்டத்தை மட்டும் தனியாகப் பிடிக்கும் அடையாளம் கிடைக்கும்வரை எனக்கு இதில் அவசரமில்லை.

மார்ச் 23
அடுத்தது: டிஎன்எஃப்பைக் கழுவி நீக்கி, செல்களைச் சில நாள் சும்மா விட்டு, மறுபடி கொடுத்துப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே அழற்சி கண்ட சவ்வு இரண்டாம் முறை இன்னும் கடுமையாகச் சீறும் என்று 2021-இல் எலிகளில் காட்டியிருக்கிறார்கள். அதே மூட்டே திரும்பத் திரும்ப வீங்குவது ஏன் என்பதற்கு அதில் ஒரு விடை இருக்கலாம். புதன்கிழமைக்குள் செல்களைப் பிரித்துத் தட்டில் போட்டுவிட்டால் சரி.