புகாரைத் திரும்பப் பெற முடியாது

புகாரைத் திரும்பப் பெற முடியாது என்பது, இணைய விளையாட்டில் ஆட்டக்காரர்கள் கொடுக்கும் புகார்களை விசாரிக்கும் எங்கள் குழுவின் விதி. சரியான விதி என்றுதான் இன்றும் சொல்வேன். யார் கேட்டாலும் காரணத்தோடு விளக்குவேன். அவ்வளவு சரளமாக விளக்க முடிகிறதே, அதுதான் உறுத்துகிறது.

ஓர் ஆட்டக்காரரிடமிருந்து வந்த டிக்கெட், அதாவது கோரிக்கை, சின்னது. தான் கொடுத்த ரிப்போர்ட்டை எடுத்துவிட வேண்டும், அந்த ஆளுக்குப் போட்ட தடையையும் நீக்கிவிட வேண்டும், அவ்வளவுதான். வழக்கமான பதிலை அனுப்பினேன்: தடை எங்கள் ஆய்வின் பேரில் விதிக்கப்பட்டது, புகார் கொடுத்தவரே கேட்டாலும் மாறாது. உடனே மறுபதில் வந்தது. "எனக்குப் புரிகிறது. அவர்களுக்கு அது தெரியாதே."

அதற்கு நான் ஒன்றும் எழுதவில்லை. டிக்கெட்டை மூடினேன். விதிப்படி அங்கே மூட வேண்டியதுதான்.

அந்த ஆட்டத்தின் ஒலிப்பதிவை முழுசாகக் கேட்டவள் நான். தரவரிசை ஆட்டம், அணிக்கு ஐந்து பேர். ஆரம்பத்தில், புகார் கொடுத்த அந்தப் பெண் மைக்கைத் திறக்கவே இல்லை. பிறகு, எதிரி பின்பக்கமாக வருகிறான் என்று ஒரே ஒரு தடவை சொன்னார். "பொண்ணா? டேய், பொண்ணுடா!" அப்புறம் சிரிப்பு. ஹீலர் (அணியினரின் காயத்தை ஆற்றும் பாத்திரம்) எடுத்துக்கிட்டுப் பின்னாடி நில்லு என்று ஒரு குரல். வயசு என்ன, எங்கே இருக்கே, ஏன் பேச மாட்டேங்கிறே. இதற்கெல்லாம் எங்கள் தானியங்கி வடிகட்டி மிகக் குறைந்த மதிப்பெண்தான் போட்டிருந்தது. கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லையே. தோற்கத் தொடங்கிய பிறகு, நான் தடை போட்ட அந்த ஆள் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை. தடை போட அந்தக் கடைசி நிமிடமே போதும். அதற்கு முன்பு நடந்த அத்தனைக்கும் எங்கள் படிவத்தில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

மியூட் பண்ணிவிட்டுப் போக வேண்டியதுதானே என்பவர்கள் இந்த வகை ஆட்டத்தை ஆடியிருக்க மாட்டார்கள். எதிரியின் காலடிச் சத்தம் ஒருவருக்குக் கேட்கும், தூரத்தில் நிற்கும் மற்றவர்களுக்குக் கேட்காது. அதைச் சொல்லத்தான் மைக். மியூட் செய்தால் வசவோடு சேர்ந்து தகவலும் நின்றுபோகும். தோற்றால் ரேங்க் இறங்குவது அவருக்கும்தான்.

எங்கள் பயிற்சி வகுப்பில் இரண்டு ஆய்வுகளைத் தவறாமல் காட்டுவார்கள். 2013இல் வந்தது ஒன்று: ஹேலோ 3 ஆட்டத்தில், முன்பே பதிவு செய்த அதே பேச்சை ஆண் குரலிலும் பெண் குரலிலும் ஒலிக்கவிட்டுப் பார்த்தார்கள். பெண் குரலுக்கு வந்த எதிர்மறைப் பேச்சு மூன்று மடங்கு. 2015இல் வந்த தொடர் ஆய்வு, மோசமாக ஆடும் ஆண்கள்தான் பெண்களிடம் அதிகம் சீறினார்கள் என்றது. இந்த இடத்தில் வகுப்பே திருப்தியாகத் தலையாட்டும். தோற்கிறவனின் வயிற்றெரிச்சல் என்று வைத்துக்கொண்டால் எல்லாருக்கும் வசதி. நான் தடை போட்டவன் அந்த அணியிலேயே அதிகப் புள்ளி எடுத்தவன்.

ரிப்போர்ட் செய்தவர் யார் என்று நாங்கள் யாரிடமும் சொல்வதில்லை. சொல்லவும் இல்லை. ஆனால் அவனோடு இன்னும் மூன்று பேர் ஒரே பார்ட்டியாக, நண்பர்களாக வந்தவர்கள். ஐந்தில் நான்கு போனால் மிச்சம் யார் என்று கண்டுபிடிக்க எங்கள் உதவி எதற்கு?

சில நாளில் அந்தப் பெண்ணின் கணக்கு வேறொரு வரிசையில் என் முன்னால் வந்தது. ஏமாற்று மென்பொருள் வைத்திருக்கிறார் என்று வரிசையாக ரிப்போர்ட். அவனுடைய மேல்முறையீட்டிலும் அதே பாட்டு: அந்த ரேங்க் அவளுடையது இல்லை, வேறு யாரோ ஆடிக் கொடுக்கிறார்கள். இதுவும் பழைய கதைதான். 2016இல் தென்கொரிய ஆட்டக்காரர் கெகூரி, ஓவர்வாட்ச் ஆட்டத்தில் ஸார்யா என்ற பாத்திரத்தை வைத்து அவ்வளவு துல்லியமாகச் சுட்டதற்காக ஏமாற்றுக்காரி என்று பழிக்கப்பட்டார். கையையும் மவுஸையும் கேமரா பார்க்க, நேரலையில் ஆடிக் காட்ட வேண்டியிருந்தது. 2018இல் ஓவர்வாட்ச் லீக் என்ற தொழில்முறைப் போட்டியில் சேர்ந்த முதல் பெண் அவர்தான். நன்றாக ஆடாத பெண்ணுக்கு ஹீலர் வேலை, நன்றாக ஆடுகிறவளுக்கு விசாரணை. கணக்கைச் சோதித்தேன், சுத்தம். அதை அந்தப் பெண்ணுக்குத் தெரிவிக்கவில்லை; குற்றமில்லை என்றால் கடிதம் போகாது, அதுவும் விதி.

டீம் லீடிடம் பேசினேன். "அவங்க வாதி இல்லீங்க, சாட்சி. சாட்சி வேண்டாம்னு சொன்னா ஒலிப்பதிவு அழிஞ்சிடுமா?" என்றார். "வாபஸ் வாங்கலாம்னு ஒரு தடவை காட்டிட்டா, தடை வாங்குற ஒவ்வொருத்தனும் நேரா அந்தப் பொண்ணுகிட்டதான் போய் நிப்பான்." மறுக்க முடியாத பேச்சு. ஆனால் அவனும் நண்பர்களும் ஏற்கெனவே போய் நின்றுவிட்டார்கள். கேட்டால் தடை நீங்கும் என்று நம்பித்தான் அந்தப் பெண்ணை நெருக்கினார்கள். நீங்காது என்று எழுதிய பக்கம் எங்கள் உள் ஆவணத்தில் பத்திரமாக இருந்தது. நெருக்கியும் பயனில்லை என்பது நெருக்குகிறவனுக்குத் தெரிந்தால்தானே அந்த விதி யாரையாவது காப்பாற்றும்?

1993இல் லாம்டாமூ என்ற, எல்லாமே எழுத்தில் நடக்கும் இணைய உலகத்தில் ஒருவன் பிற பாத்திரங்கள் மேல் பாலியல் வன்முறையை எழுத்தால் நடத்தினான். பாதிக்கப்பட்டவரே அவனை நீக்கச் சொல்லிப் பொதுவில் எழுதினார். கூடிப் பேசியும் முடிவு எட்டவில்லை. கடைசியில் அதிகாரம் கையில் இருந்த நிர்வாகி ஒருவர் தனியாகவே நீக்கிவிட்டார். பிற்பாடு லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்ற ஆட்டத்தில் 2011 முதல் 2014 வரை ஆட்டக்காரர்களே வாக்களித்துத் தீர்ப்புச் சொல்லும் மன்றம்கூட இருந்தது. இப்போது பொத்தான் என்னைப் போன்றவர்கள் கையில். லாம்டாமூவில் அந்தப் பெண் கேட்டது தண்டனையை. என்னிடம் கேட்டது தண்டனை வேண்டாம் என்று. இரண்டிலும் முடிவு எடுத்தது வேறு யாரோ.

தடை அறிவிப்பிலேயே "யார் கேட்டாலும் இது மாறாது" என்று ஒரு வரி சேர்க்கலாம் என்றேன். "அப்படிப் போட்டா, யாரோ புகார் கொடுத்திருக்காங்கன்னு நாமளே காட்டிக் கொடுக்கிற மாதிரி ஆயிடாதா?" என்றார் அறிவிப்புகளை எழுதுகிறவர். அவன் ஏற்கெனவே அறிந்ததைத்தானே காட்டுகிறோம் என்று சொன்னேன். எல்லா அணியிலும் அப்படி இல்லை என்றார். அதுவும் உண்மை.

இன்னொரு வழி இருக்கிறது. ஏமாற்று மென்பொருள்காரர்களைப் பிடித்ததும் நாங்கள் உடனே தடுப்பதில்லை. எதை வைத்துப் பிடித்தோம் என்று தெரியக்கூடாது என்பதற்காகச் சேர்த்துவைத்து மொத்தமாகத் தடுப்போம். மென்பொருளைக் கண்டுபிடித்த உத்தியை இவ்வளவு பொத்திப் பொத்திக் காக்கிறவர்கள், புகார் கொடுத்தவரை மட்டும் அன்றைக்கே வெளிச்சத்தில் நிறுத்துகிறோம். வசவுக்கான தடையையும் தாமதித்தால் எந்த ஆட்டத்துக்காக என்று அவனால் ஊகிக்க முடியாது.

ஆனால் அந்த இடைவெளியில் அவன் ஆடிக்கொண்டிருப்பான். வேறொரு பெண் ஏதாவது ஓர் அணியில் மைக்கைத் திறப்பார். தெரிந்தே அவனை உள்ளே விட்டுவைத்தோம் என்று அவருக்கு எந்த டெம்ப்ளேட்டில் எழுதுவது? உடனடித் தண்டனைதான் நடத்தையை மாற்றும் என்பதும் எங்கள் வகுப்பில் சொல்லித்தருவதுதான்.

தாமதம் வேண்டும் என்று கேட்டு ஒரு முன்மொழிவு எழுதினேன். எழுதி முடித்துப் பார்த்தால், ஆதரித்து எழுதியதைவிட எதிர்வாதம் நீளமாக வந்திருந்தது. வெட்டாமல் அப்படியே அனுப்பிவிட்டேன்.