சீரிஸில் ஒரு கிட்டங்கி

நான் செய்துகொண்டிருக்கும் வீடியோ கேமில் சண்டை கிடையாது. கதை நடக்கிற இடம் சீரிஸ். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றுகிற குறுங்கோள், 1801ல் இத்தாலிய வானியலாளர் பியாட்சி கண்டுபிடித்தது, குறுக்களவு ஏறக்குறைய 940 கிலோமீட்டர். அங்கே பனியை வெட்டித் தண்ணீராக்கி விற்கும் ஒரு குடியிருப்பு, அதற்குள் ஒரு கிட்டங்கி (செட்டிநாட்டு நகரத்தார் கடல் தாண்டிப் போய் வட்டித் தொழில் செய்த கூடம்), அந்தக் கிட்டங்கிக்குப் புதிதாக வந்து இறங்கிய ஓர் அடுத்தாள், அதாவது முதலாளிக்காகக் கடன் கொடுத்து வசூலிக்கிற உதவியாள். விளையாடுகிறவர்தான் அந்த அடுத்தாள். அங்கே மூன்று வருஷம் வேலை. முன்னால் ஒரு கணக்குப் பெட்டி, முதலாளி கொடுத்தனுப்பிய பணம், கடன் கேட்டு வந்து எதிரே உட்காரும் மனிதர்கள். எல்லாம் பேச்சில்தான் நடக்க வேண்டும்.

இதைச் சொன்னதும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: பேசிக்கொண்டே இருந்தால் போரடிக்காதா? கேம் வெளியிடுகிற ஒரு கம்பெனியில் காட்டியபோது, “ஸ்பேஸ்னு சொல்றீங்க, ஒரு கொள்ளைக் கூட்டமாவது வரணுமே” என்றார்கள். கொள்ளைக் கூட்டம் வந்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். நாலு வருஷமாக மொபைல் கேம்களுக்கு வசனம் எழுதியிருக்கிறேன். சண்டை எப்போது வரும் என்று விரல் காத்துக்கொண்டிருந்தால் கண் வசனத்தைப் படிக்காது, ஸ்கிப் பட்டனைத்தான் தேடும்.

பேச்சை நடுவில் வைத்த அறிவியல் புனைவு விளையாட்டு புதிதும் இல்லை. கேம் வடிவமைப்பாளர் கிறிஸ் கிராஃபோர்ட் 1987லேயே மேக்கின்டாஷுக்கு ‘டிரஸ்ட் அண்ட் பிட்ரேயல்’ செய்தார். படக்குறிகளைக் கோத்து வாக்கியமாக்கி வேற்றுக்கிரகத்தாரோடு பேச வேண்டும், ரகசியத்துக்கு ரகசியம் பண்டமாற்று. மறு வருஷம் பிரான்ஸிலிருந்து ‘கேப்டன் பிளட்’ வந்தது. அதிலும் நூற்றுக்கும் மேற்பட்ட குறிகள், குறிகளாலேயே பேச்சு. பிறகு நெடுங்காலம் வசனம் என்பது இரண்டு சண்டைக்கு நடுவே மூச்சு வாங்குகிற இடமாகிப் போனது. 2019ல் ‘டிஸ்கோ எலிசியம்’ வந்த பிறகுதான், தனியாகச் சண்டை முறையே இல்லாமல், மனசுக்குள் 24 திறமைகள் ஆளுக்கொரு குரலில் வாதாடுவதையே விளையாட்டாக ஆக்கலாம் என்று பலரும் நம்பத் தொடங்கினார்கள். எனக்கும் அது பெரிய தைரியம்.

ஆனாலும் அவற்றில் எதிலும் இல்லாத ஒன்று எனக்கு வேண்டியிருந்தது. அது எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே இருந்தது.

பள்ளத்தூரில் எங்கள் வீட்டில் மங்குச் சாமான்கள், அந்தக் காலத்து எனாமல் பாத்திரங்கள், கொஞ்சம் மிச்சமிருக்கின்றன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் ஒருவர் அவ்வப்போது வருவார். அன்றைக்கு அவர் பார்க்க வந்தது நீலப் பூப்போட்ட பெரிய அடுக்குப் பாத்திரம் ஒன்றை. வந்தவர் அதன் பக்கம் திரும்பக்கூட இல்லை.

“இங்கிட்டு மழை உண்டா ஆச்சி?”

“எங்க தம்பி, ஊருணியே காஞ்சு கெடக்கு. அம்மாவுக்குக் கண்ணு ஆபரேசன் ஆச்சா?”

அம்மாவின் கண், பிள்ளையின் காலேஜ், தேவகோட்டையில் யாரோ வீட்டைப் பிரித்து நிலைக்கதவைத் தூக்கிக் கொடுத்த சங்கதி என்று அரை மணி நேரம் போனது. பிறகு போகிற போக்கில், “அந்த அடுக்கு எட்டாயிரத்துக்குப் போகும் ஆச்சி” என்றார். அப்பத்தா பதில் சொல்லவில்லை. வெற்றிலையின் காம்பைக் கிள்ளி, முதுகு நரம்பை உரித்து, சுண்ணாம்பைத் தடவினார். வந்தவர் அடுக்கை இப்போதுதான் முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தார். “ஒம்பது வச்சுக்குவோம்.” அப்பத்தா, “காபி ஆறுது தம்பி, குடிங்க” என்றார். அவர் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “சரி, பத்து” என்றார். இப்போது அப்பத்தா செய்ததைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. “ஒம்பதரை குடுங்க போதும். சின்னத் தூக்கு எங்கிட்டயே இருக்கட்டும். பெல்ஜியம் கண்ணாடி எடுக்குறப்ப உங்களுக்குத்தான் மொதல்ல சொல்லுவேன்.”

ஐந்நூறு ரூபாயை விட்டுக்கொடுத்து அந்த மனிதரை அப்பத்தா தன் பக்கம் கட்டிப்போட்டார். கடைக்காரரிடம் ஒரு வாக்கு போய்ச் சேர்ந்தது, அப்பத்தாவிடம் அதைக் காப்பாற்றுகிற பொறுப்பு நின்றது. சாமான் கைமாறியது அதில் சின்ன விஷயம். என் விளையாட்டின் உயிர் இதுதான் என்று எனக்கு உறைத்தது அன்றைக்குத்தான். சண்டை விளையாட்டில் தோட்டா எண்ணிக்கை எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்தில் வாக்கு இருக்க வேண்டும்.

அதனால் திரையின் ஓரத்தில் பேரேடு ஒன்று திறந்தே இருக்கும். பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம். ரூபாய் அணா அதில் வராது. “பம்பு மெக்கானிக்கிடம், தவணை தவறினால் அவர் தம்பியிடம் கேட்க மாட்டேன் என்று சொன்னது.” “சமையல்காரர், வெளிக் கிட்டங்கியில் யார் பணம் திரட்டுகிறார்கள் என்று காதில் விழுந்தால் சொல்கிறேன் என்றது.” இப்படி, சொன்ன சொல்லெல்லாம் அங்கே ஏறும். நிறைவேற்றினால் கோடு போட்டு அடிக்கப்படும். மீறினால் சிவப்பு மையில் அப்படியே நிற்கும், அழிக்க வழியில்லை. பழைய சேவ் ஃபைலுக்குத் திரும்பிப் போய் மாற்றிச் சொல்லவும் முடியாது.

விளையாடுகிறவருக்கு நான் வசனங்களைத் தேர்வுக்கு வைப்பதில்லை, நோக்கங்களை வைக்கிறேன். விசாரி, ஒத்திப்போடு, பேச்சை மாற்று, வாக்குக் கொடு, விட்டுக்கொடு, சும்மா இரு. ‘சும்மா இரு’வுக்குத்தான் அதிகம் உழைத்திருக்கிறேன். பதில் சொல்லாமல் இருக்கிற வசதி ‘தி வாக்கிங் டெட்’ மாதிரி விளையாட்டுகளில் 2012லேயே உண்டு. என்னுடையதில் அந்த மௌனத்தை எதிரில் இருப்பவர் எடை போடுவார். கடன் கேட்டு வந்தவர் முன் மௌனமாக இருந்தால் பயப்படுவார். துக்கம் சொல்லிக்கொண்டிருப்பவர் முன் அதே மௌனம் ஆறுதல். அடுத்தாளுக்கு மேலே இருக்கிற மேலாள் முன் அது திமிர். அடுத்தாள் எப்போது ‘நீங்க’விலிருந்து ‘நீ’க்கு இறங்குகிறார், யாரை ‘அண்ணே’ என்கிறார் என்பதையும் விளையாட்டு கவனிக்கும். நம்மூரில் முறை சொல்லிக் கூப்பிட்ட பிறகு கணக்குப் பேசுவது வேறு மாதிரிதான் நடக்கும்.

இதைக் கிளைக் கதையாக எழுதப் போனால் ஆயுசு போதாது. ஒவ்வோர் இடத்திலும் மூன்று பதில், பத்து அடி ஆழம் என்றாலே 59,049 வழிகள் வந்துவிடும். எனவே மரம் போடவில்லை. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மூன்று சீட்டுகள்: நம்மைப் பற்றி என்ன தெரியும், எதை மறைக்கிறார், யாருக்குக் கடமைப்பட்டவர். அந்தந்த நேரத்து நிலைமைக்குப் பொருந்துகிற வசனம் மேலே வரும். இதற்கு இங்கிள் என்கிற கேம் நிறுவனம் 2016ல் எல்லோருக்கும் திறந்துவிட்ட ‘இங்க்’ என்கிற எழுத்துமொழி நன்றாக உதவுகிறது. கேமை ஓட்டுகிற எஞ்சினுக்கு கோடோ 4 என்கிற மென்பொருள். வேலையில் பழகிய எஞ்சினில் ‘கொ’ என்று அடித்தால் கொம்பு ஓரிடம், கால் ஓரிடமாகச் சிதறும். பேச்சே விளையாட்டு என்று ஆன பிறகு எழுத்து உடைந்து தெரிந்தால் ஒன்றுமே நிற்காது. 2023ல் வந்த கோடோ 4ல், எழுத்துகளைச் சரியாகக் கோத்துக் காட்டுகிற ஹார்ஃப்பஸ் உள்ளேயே இருப்பதால் தமிழ் சேதாரமில்லாமல் வருகிறது.

வசனத்தையெல்லாம் ஏஐயிடம் விட்டுவிடலாமே என்று தம்பி முறையுள்ள ஒரு பையன் கேட்டான். கணினியோடு மனிதர்கள் மனம்விட்டுப் பேசுவார்கள் என்பதை கணினி விஞ்ஞானி வைசன்பாம் 1966லேயே எலைசா என்கிற உரையாடல் நிரலை வைத்துக் காட்டிவிட்டார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. 2005ல் ‘ஃபசாட்’ என்கிற விளையாட்டு வந்தபோது, என்ன வேண்டுமானாலும் தட்டச்சு செய்யலாம் என்றதும் ஆட்கள் அதில் வரும் தம்பதியரிடம் கன்னாபின்னாவென்று எழுதி வேடிக்கை பார்த்ததும் தெரியும். என் கவலை வேறு. ஓயாமல் பேசக்கூடிய பாத்திரத்திடம் ஒரு சொல்லுக்கு விலை இருக்காது. என் பம்பு மெக்கானிக் மொத்தக் கதையிலும் மூன்று தடவைதான் சிரிப்பார். அந்த மூன்றையும் நான்தான் எழுதுவேன்.

கிட்டங்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பினாங்கிலும் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் இருந்தவற்றின் அமைப்பையே எடுத்துக்கொண்டேன்: நீளமான ஒரே கூடம், வரிசையாகத் தரையில் பெட்டிகள், பெட்டிக்கு ஒரு மார்க்கா (கடையின் பெயர்க்குறி), பொதுச் சமையல், ராத்திரி அங்கேயே பாய் விரித்துப் படுக்கை. சுவர் இல்லாததால் ரகசியமும் இல்லை. பக்கத்துப் பெட்டியில் பேசுவது அரைகுறையாகக் காதில் விழும். முழு விளையாட்டும் இந்த ஒரு கூடத்தில்தான். சீரிஸின் ஒரு நாள் ஒன்பது மணி நேரம் என்பதால் விளக்கு சீக்கிரம் சீக்கிரம் மாறும், ஆனால் வழக்கம் ஊர் நேரத்தில் நடக்கும். எடை பூமியில் இருப்பதில் மூன்று சதவீதம்கூட இல்லை, சம்மணம் போட்டு உட்கார இடுப்பில் வார் கட்டிக்கொள்கிறார்கள். இதை வரைந்து பார்ப்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

தூரமும் உதவிக்கு வந்தது. சீரிஸிலிருந்து பூமிக்கு ஒளி போக, இரண்டும் எங்கே இருக்கின்றன என்பதைப் பொறுத்து, பதின்மூன்று நிமிஷத்திலிருந்து முப்பத்துமூன்று நிமிஷம் வரை ஆகும். முதலாளியிடம் கேட்டுப் பதில் வாங்க அரை மணி முதல் ஒரு மணிக்கு மேல். எதிரே உட்கார்ந்திருப்பவரை அத்தனை நேரம் காத்திருக்க வைப்பதே ஒரு பதிலாகிவிடும். இரண்டாம் வருஷத்தில் சூரியன் நடுவே வந்து மறைத்துக்கொள்ளும். செவ்வாயில் இருக்கும் கலங்களுக்கு நாசா இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சுமார் இரண்டு வாரம் கட்டளை அனுப்பாமல் நிறுத்துவது இதனால்தான். என் கதையிலும் அந்த நாள்களில் ஊரோடு தொடர்பே இருக்காது. பனி விலை விழுவது சரியாக அப்போதுதான்.

இந்த இடத்தில்தான் நான் மெதுவாக எழுதுகிறேன். பர்மாவில் எங்கள் நகரத்தார் குடியானவர்களுக்குக் கடன் கொடுத்த கதை எங்கள் வீடுகளில் கணக்காகவும் கடிதமாகவும் இருக்கிறது. 1930களில் நெல் விலை விழுந்து கடன் திரும்பாமல் போனபோது, கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு நிலம் நகரத்தார் பெயருக்கு வந்து சேர்ந்தது. நம் பக்கத்தில் இதை நட்டக் கதையாகவே கேட்டு வளர்ந்தோம்: பணமாகத் திரும்பாமல் நிலமாக முடங்கியது, 1942ல் ஜப்பான்காரன் வந்ததும் கால்நடையாக ஓடிவந்தது. நிலத்தை இழந்த குடியானவர் அந்தத் தவணைப் பேச்சில் என்ன சொல்லியிருப்பார் என்று எந்தக் கடிதத்திலும் இல்லை. பேச்சை நடுவில் வைத்து விளையாட்டு செய்துவிட்டு, எதிரில் இருப்பவர் குரலைச் சும்மா விட முடியாது. அதனால் மூன்றாம் வருஷம் ஆட்டம் திரும்புகிறது. அதே கூடம், அதே பெட்டி, ஆனால் நீங்கள் பம்பு மெக்கானிக். முதல் இரண்டு வருஷத்தில் அடுத்தாளாக நீங்கள் பேசியதெல்லாம் இப்போது உங்களைப் பார்த்துச் சொல்லப்படும், நீங்கள் எப்போது சும்மா இருந்தீர்களோ அந்த மௌனங்கள் உட்பட. தேர்வுக்கு வரும் நோக்கங்களும் குறையும். கடன்பட்டவருக்குப் பேச்சை மாற்றுகிற வசதி கிடையாது.

கேமைச் செய்து முடிக்கும் முன்பே காகிதச் சீட்டில் இதை விளையாட வைத்தபோது, கானாடுகாத்தானிலிருந்து வந்திருந்த, ஏஐ பற்றிக் கேட்ட அந்தப் பையன், எந்நேரமும் ஃப்ரீ ஃபயரில் கிடப்பவன், மூன்றாம் வருஷத்தில் சீட்டைக் கீழே வைத்துவிட்டு, “அக்கா, நான் முன்னாடி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுல்ல?” என்றான். அப்பத்தா விளையாடியபோது மெக்கானிக்குக் கடைசித் தவணையைத் தள்ளிக் கொடுத்தார். ஆனால் ‘வாக்குக் கொடு’ சீட்டைத் தொடவே இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, “முதலாளி பணத்துல நான் எப்புடித்தா வாக்குக் குடுக்குறது?” என்றார். அந்த விதி விளையாட்டில் இல்லை. இப்போது சேர்த்துக்கொண்டிருக்கிறேன்: பேரேட்டில் அடுத்தாள் தன் பெயரில் கொடுக்கும் வாக்கு ஒரு பத்தி, முதலாளி பெயரில் கொடுப்பது வேறொரு பத்தி.

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கத்தில் இருப்பவர்கள் யாராவது இந்தக் காகிதச் சீட்டு ஆட்டத்தை விளையாட வருவதாக இருந்தால் எழுதுங்கள். ஒரு ஆட்டம் இரண்டு மணி நேரம் பிடிக்கும், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வசதி. வீட்டில் கிட்டங்கியில் இருந்த பெரியவர்கள் இருந்தால், அல்லது அவர்கள் பேசிக் கேட்டவர்கள் இருந்தால், அவர்களையும் அழைத்து வாருங்கள். மேலாள் பெட்டியடிப் பையனை, அதாவது கிட்டங்கியின் எடுபிடிப் பையனை, அதட்டுகிற வசனங்கள் எனக்கு இன்னும் சரியாக வரவில்லை.