சீல் மாற்ற இதுதான் நேரம்: மாருதி 800 எஞ்சின் மாற்றும் நாட்குறிப்பு

ஜனவரி 4, 2025, சனி

வண்டி 1997 மாடல் மாருதி 800. கார்புரேட்டர், மூன்று சிலிண்டர், 796 சிசி எஃப்8பி எஞ்சின். நடுச் சிலிண்டரில் கம்ப்ரஷன் (பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம்) போய்விட்டது, நீலப் புகை நிற்கவில்லை. ரீபோர் (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது) செய்வதைவிட நல்ல செகண்ட் ஹேண்ட் எஞ்சின் போடலாம் என்று முடிவு செய்து, இன்று சென்னையில் பழைய வண்டி பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையிலிருந்து அதே மாடல் எஞ்சின் ஒன்றை ஏற்றி வந்தோம். பிளக்கைக் கழற்றி, கையால் சுற்றி, கம்ப்ரஷன் பார்த்துத்தான் வாங்கினேன். எஞ்சின் நம்பர் போட்ட பில்லும் கையில் இருக்கிறது. ஆர்.சி.யில் நம்பரை மாற்ற அது கட்டாயம் வேண்டும்.

கடைக்காரர் கிளம்பும்போது சொன்னார்: "தம்பி, எஞ்சினை அப்படியே தூக்கி மாட்டிடாதீங்க. ரொம்ப நாள் சும்மா கிடந்தது. சீல் எல்லாம் காஞ்சிருக்கும்." அவர் சொன்னது சரி. சீல் என்பது சுழலும் ஷாஃப்டைச் சுற்றி எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம். ஆயில் படாமல் கிடந்தால் அதன் லிப், அதாவது ஷாஃப்டைத் தொடும் உள்விளிம்பு, இறுகிப்போகும். ஓட ஆரம்பித்த பிறகுதான் கசியும்.

ஜனவரி 5, ஞாயிறு

வாடகைக்கு எடுத்த மூன்று கால் ஸ்டாண்டும் செயின் பிளாக்கும் வந்தன. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டி ரிட்டயர் ஆன சித்தப்பாவும் வந்தார். பானெட், பேட்டரி, ரேடியேட்டர், வயரிங், கேபிள்கள், சைலன்சர், கியர் ராடு, ஆக்சில் என்று வரிசையாகக் கழற்றி, மதியத்துக்குள் எஞ்சினும் கியர் பாக்ஸும் சேர்ந்து மேலே வந்தன. கழற்றும் முன்பே ஒவ்வொரு வயரிலும் ஹோஸிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி எழுதி வைத்தது பெரிய உதவி.

சாயங்காலம் எஞ்சினிலிருந்து கியர் பாக்ஸைப் பிரித்தோம். பெல் ஹவுசிங் (கிளட்சை மூடியிருக்கும் கூடு) உள்ளே முழுக்கக் கறுப்புப் பிசின், கிளட்ச் பிளேட்டின் ஓரத்திலும் எண்ணெய். இது எஞ்சின் ஆயிலா, கியர் ஆயிலா? விரலில் தொட்டு மோந்து பார்த்தால் தெரியும். கியர் ஆயிலில் கந்தக நாற்றம் மூக்கில் ஏறும். இங்கே இரண்டும் கலந்திருந்தன. கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க சீலும் கசிந்திருக்கிறது, கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் சீலும் கசிந்திருக்கிறது. இந்த இரண்டும் இருப்பது எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில். அங்கே கை போக வேண்டுமானால் இன்று செய்த அத்தனை வேலையும் மறுபடி செய்ய வேண்டும். அதனால்தான் வெளியே எடுத்த கையோடு எல்லா சீலையும் மாற்றியே ஆக வேண்டும் என்கிறேன்.

ஜனவரி 11, சனி

வாங்கியவை: கிராங்க் முன் சீல், பின் சீல், கேம் ஷாஃப்ட் சீல், இன்புட் ஷாஃப்ட் சீல், ஆக்சில் நுழையும் இரண்டு பக்க சீல்கள், கியர் ஷிஃப்ட் ஷாஃப்ட் சீல், டிஸ்ட்ரிபியூட்டர் ஓ ரிங். கூடவே டைமிங் பெல்ட், கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங். சீல்கள் எல்லாம் சேர்த்தும் ஒரு டயர் விலைகூட வரவில்லை.

பழைய சீலைக் கையில் கொண்டு போங்கள். முகத்தில் எண் இருக்கும். 35-50-8 என்றிருந்தால் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம், எல்லாம் மில்லிமீட்டரில். சாதாரண நைட்ரைல் ரப்பர் 100 டிகிரி வாக்கில் நன்றாகத் தாங்கும், தொடர்ந்து அதற்கு மேல் போனால் சீக்கிரம் இறுகும். வைட்டான் என்ற ரப்பர் 200 டிகிரி வரை தாங்கும். கிராங்க் சீலுக்கு வைட்டான் கிடைத்தால் காசு பார்க்காமல் வாங்கலாம். பழுப்பு நிறத்தில் இருக்கிறது என்பதற்காக மட்டும் வைட்டான் என்று நம்பக் கூடாது, கேட்டு வாங்க வேண்டும்.

ஜனவரி 12, ஞாயிறு

வாங்கி வந்த எஞ்சினிலும் எங்கள் கியர் பாக்ஸிலும் இருந்த பழைய சீல்களை நெம்பி எடுத்தோம். ஸ்க்ரூ டிரைவர் முனை ஷாஃப்டில் படவே கூடாது, ஹவுசிங்கின் உள்சுவரையும் கீறக் கூடாது. முனையில் பனியன் வேஸ்ட் சுற்றிக்கொண்டு மெதுவாக எடுத்தேன். கிராங்கின் பின் சீலை இரண்டு விரலால் வளைத்தேன், பிஸ்கெட் போல உடைந்தது.

சித்தப்பா கிராங்கின் முன்நுனியை வெள்ளைத் துணியால் துடைத்துவிட்டு நகத்தை ஓட்டினார். "இங்க பாரு, நகம் மாட்டுதா?" மாட்டியது. பழைய லிப் இத்தனை வருஷம் ஒரே இடத்தில் உரசி, வட்டமாக ஒரு மெல்லிய கோடு போட்டிருக்கிறது. புது சீலின் லிப் அதே கோட்டில் உட்கார்ந்தால் புதுசும் கசியும்.

"லேத்துல போட்டு எடுக்கணுமா சித்தப்பா?"

"இவ்வளவு சின்னக் கோட்டுக்கு வேண்டாம்பா. சீலை ஒரு மில்லி வெளியே தள்ளி உக்கார வை. லிப் புது இடத்துல ஓடும்."

மெல்லிய எமரித் தாளில் எண்ணெய் விட்டு, ஷாஃப்டைச் சுற்றியே தேய்த்தார். நீளவாக்கில் தேய்த்தால் அந்தக் கீறல் வழியாகவே எண்ணெய் வெளியே நடந்து வரும்.

பொருத்தும்போது, சீலின் லிப்பை இறுக்கிப் பிடிக்கும் வளைய ஸ்பிரிங் உள்ள பக்கம் எண்ணெய் இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் பள்ளத்தில் கொஞ்சம் கிரீஸ் அடைத்தால் தட்டும்போது ஸ்பிரிங் நழுவாது. லிப்பிலும் கிரீஸ் தடவினேன். (டெஃப்லான் லிப் உள்ள சீல்கள் வேறு ரகம், அவற்றில் பெரும்பாலானவற்றை உலர்வாகத்தான் போட வேண்டும்.) சீலின் வெளிவிட்டத்துக்குச் சரியாக ஒரு பிவிசி பைப் துண்டை வெட்டி, அதன் மேல் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினோம். ஒரே பக்கம் தட்டினால் சாய்ந்து போகும். இன்புட் ஷாஃப்டின் பற்கள் லிப்பைக் கிழித்துவிடும் என்பதால், பற்களின் மேல் செல்லோ டேப் சுற்றி, கிரீஸ் போட்டு, நுழைத்த பிறகு டேப்பை உருவினேன்.

வால்வ் கவரிலிருந்து ஏர் கிளீனருக்குப் போகும் பிரீதர் ஹோஸையும் பார்த்தேன். உள்ளே பாதி அடைப்பு. எஞ்சினுக்குள் சேரும் காற்று வெளியேற வழியில்லாவிட்டால் அழுத்தம் ஏறி, நல்ல சீலையும் தாண்டி எண்ணெயைத் தள்ளும். புது ஹோஸ் போட்டாயிற்று. சீல் மாற்றியும் கசிகிறது என்று புலம்புகிறவர்கள் முதலில் இதைப் பார்க்கலாம்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். வேலை இல்லை.

ஜனவரி 15, புதன்

டைமிங் மார்க் இரண்டையும் சரிபார்த்து பெல்ட் மாட்டினோம். ஃப்ளைவீல் போல்டுகளை டார்க் ரெஞ்சில் குறுக்குக் குறுக்காக முறுக்கி, கிளட்சை அலைன்மென்ட் கருவியால் நடுவில் நிறுத்தி, கியர் பாக்ஸைச் சேர்த்தோம். எஞ்சினை இறக்கி மவுண்டிங் போட்டதும், இரண்டு ஆக்சிலையும் கைத்தாங்கலாக நேராகப் பிடித்துச் செருகினோம். எடையை சீலின் மேல் விட்டால் லிப் மடங்கிவிடும்.

ஜனவரி 18, சனி

கியர் ஆயில் 80டபிள்யூ-90, லெவல் துளையில் வழியும் வரை. எஞ்சின் ஆயில், புது ஃபில்டர், கூலன்ட். பிளக்குகள் இல்லாமல் ஆயில் லைட் அணையும் வரை ஸ்டார்ட்டரைச் சுற்றிவிட்டு, அப்புறம் பிளக் மாட்டி ஸ்டார்ட் செய்தோம். டைமிங் லைட் வைத்து டிஸ்ட்ரிபியூட்டரைச் சரிசெய்ததும் ஐடிலிங் சீரானது. சித்தப்பா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்கும்தான்.

ஜனவரி 19, ஞாயிறு

செங்கல்பட்டு வரை போய் வந்து, சூடாக இருக்கும்போதே வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். பெல் ஹவுசிங்கின் அடித்துளையில் துணியை விட்டுத் துடைத்தேன், ஈரமே இல்லை. கிராங்க் புல்லிக்குப் பின்னாலும் ஆக்சில் சீல்களிலும் சுத்தம். வால்வ் கவர் கேஸ்கெட் ஓரத்தில் மட்டும் லேசான ஈரம். அது மேலேயே இருக்கிறது, அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளலாம். நாளை பில்லோடு ஆர்.டி.ஓ. அலுவலகம் போக வேண்டும்.