எக்ஸ்ரே அறை நாட்குறிப்பு: பினாங்கு, பிப்ரவரி 2025

12 பிப்ரவரி, புதன்

ரதங்கள் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் புறப்படும் வழியெங்கும் சிதறுகாய் உடைப்பது பினாங்குத் தைப்பூசத்தின் வழக்கம். அந்தச் சாலையில் வெறுங்காலுடன் நடந்தவர்கள் பூசம் முடிந்த கையோடு எங்களிடம் வருவதும் ஏறக்குறைய வழக்கமாகிவிட்டது. இன்று வந்த அம்மாவுக்குக் குதிகால் அருகே சிறு காயம். ஊன்றினால் ஊசி குத்துவதுபோல் வலிக்கிறது என்றார். நான் எடுத்த எக்ஸ்ரேயில் எலும்புகள் பழுதின்றி இருந்தன, வேறெதுவும் தென்படவில்லை. உடன் வந்த மகன் "ஒன்னும் இல்லம்மா, வீட்டுக்குப் போகலாம்" என்று எழுந்துவிட்டார்.

கண்ணாடித் துண்டாக இருந்தால் எக்ஸ்ரே காட்டியிருக்கும். சிரட்டை, மரச்சிராய் போன்றவை பெரும்பாலும் சதையின் சாயலிலேயே கலந்து மறைந்துவிடும். ஆகவே எங்கள் கதிரியக்க மருத்துவர் அல்ட்ராசவுண்ட் கருவியை எடுத்தார். தோலுக்குச் சற்றுக் கீழே வெண்மையான சிறு கோடு ஒன்றும், அதன் பின்னால் கரிய நிழலும் தெரிந்தன. பிற்பகலில் வெளியே எடுத்த சிரட்டைத் துண்டு அரிசி மணியைவிடச் சற்றே நீளம். மகன் அதைத் தாளில் மடித்து வாங்கிக்கொண்டார்; எதற்கென்று நான் கேட்கவில்லை.

13 பிப்ரவரி, வியாழன்

மலைக்கோயிலின் 513 படிகளில் ஏறும்போது மூச்சுதான் வாங்கும். கணுக்கால் மடங்குவது இறங்கும்போதுதான். இன்று மட்டும் நான்கு பேர். நால்வருக்கும் படம் தேவைப்பட்டதா என்றால், இல்லை என்பேன். 1992-இல் கனடாவின் ஒட்டாவாவில் இயன் ஸ்டீல் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் வகுத்த விதிகள் எளியவை: கணுக்காலின் இருபக்க முட்டிகளில், கீழ்முனையிலோ பின்விளிம்பின் கடைசி 6 சென்டிமீட்டருக்குள்ளோ அழுத்தினால் வலிக்கிறதா, அடிபட்டவுடனும் மருத்துவமனைக்கு வந்தபின்பும் நான்கு அடி எடுத்துவைக்க முடியவில்லையா என்று பார்த்து, இரண்டும் இல்லையென்றால் கணுக்காலுக்கு எக்ஸ்ரே எடுக்காமலே விடலாம். ஆனால் வீங்கிய காலுடன் வந்தவர் படம் எடுக்காமல் திரும்ப மனம் ஒப்புவதில்லை.

நான்காமவர் அறுபதை நெருங்கும் பெண்மணி. அறைக்குள் வந்ததும் மெட்டியைத்தான் பிடித்துக்கொண்டார். "கழட்ட மாட்டேன்னு இல்லம்மா, கழண்டு வராது." புதிதாகச் சேர்ந்த பிள்ளை சோப்புத் தண்ணீர் எடுக்க ஓடினாள், நான் தடுத்தேன். எங்களுக்கு வேண்டியது கணுக்கால், விரல்கள் படத்துக்குள் வரப்போவதில்லை. காந்தத்தால் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. என்றால் பேச்சே வேறு. காலை உள்நோக்கி ஏறத்தாழ 15 பாகை திருப்பி எடுத்த படத்தில் மூட்டின் இடைவெளி மூன்று பக்கமும் ஒரே அளவாக இருந்தது. வெளிமுட்டியில் மட்டும் மெல்லிய முறிவு. மெட்டி விரலிலேயே இருந்தது.

14 பிப்ரவரி, வெள்ளி

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்யும் தம்பி, மழையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி, உள்ளங்கையை ஊன்றி விழுந்திருக்கிறார். கட்டைவிரலை உயர்த்தும்போது அதன் அடியில் குழியும் பள்ளத்தில் மருத்துவர் விரலை வைத்ததும் தோளையே உதறினார். அந்தப் பள்ளத்தின் தரையில் இருப்பது படகெலும்பு என்னும் சிறு மணிக்கட்டு எலும்பு. மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்த்து எடுப்பது உட்பட நான்கு கோணங்களில் படம் எடுத்தேன். எதிலும் கோடு இல்லை.

"எலும்பு உடையலன்னா எதுக்குக்கா கட்டு?"

கேட்டது நியாயமே. முறிந்த முனைகள் விலகாதபோது முதல் நாள் படத்தில் எதுவும் தெரியாமல் போவதுண்டு. நாள்கள் செல்லச் செல்ல முறிவின் ஓரங்களிலுள்ள எலும்பு கரைவதால்தான் கோடு வெளிப்படும். எம்.ஆர்.ஐ. எடுத்தால் எலும்பின் உள்ளே கோத்த நீரை உடனே காட்டிவிடும், ஆனால் அதற்கான செலவை நினைத்து அவர் வேண்டாமெனத் தலையசைத்துவிட்டார். கட்டுப் போடாமல் விடவும் முடியாது. அந்த எலும்புக்கு இரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனையில் நுழைந்து முன்கைப் பக்கமாகத் திரும்பி ஓடுகிறது. நடுவில் முறிந்தால் மறுபாதி பட்டினி கிடந்து செத்துப்போகக்கூடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறோர் இடத்தில், இரண்டே கோணங்களில் படம் எடுத்து ஒருவரை அனுப்பிவைத்தேன். ஐந்து மாதம் கழித்து அவர் ஒட்டாத எலும்புடன் திரும்பி வந்தார். அன்றிலிருந்து இந்த மணிக்கட்டுப் படத்தில் நான் அவசரப்படுவதில்லை.

20 பிப்ரவரி, வியாழன்

இன்று வந்தவருக்கு முழங்கால். படுக்கவைத்து, சில நிமிடம் அசையாமல் இருக்கச் சொல்லி, கதிரைக் கிடைமட்டமாகச் செலுத்தி எடுத்தேன். முறிவுக் கோடு புலப்படவில்லை. ஆனால் முட்டிச் சிரட்டைக்கு மேலே, மீன்குழம்பின் மேல் எண்ணெய் பிரிந்து நிற்பதுபோல், ஓர் அடுக்குக் கொழுப்பு இரத்தத்தின் மேல் நேர்கோடாய் மிதந்தது. மூட்டுக்குள் இருக்கும் எலும்பு எங்கோ உடைந்தாலன்றி அந்த மஜ்ஜைக் கொழுப்பு அங்கே வர வழியில்லை என்றே கொள்ளலாம். சி.டி. ஸ்கேனில் கெண்டைக்கால் எலும்பின் மேல்தளம் அமுங்கியிருப்பது தெரிந்தது.

27 பிப்ரவரி, வியாழன்

மணிக்கட்டுத் தம்பி 13 நாள் கழித்து வந்தார். கட்டைப் பிரித்து, அதே நான்கு கோணங்கள். சுண்டுவிரல் பக்கம் சாய்த்த படத்தில், படகெலும்பின் இடுப்புபோல் ஒடுங்கிய நடுப்பகுதியில், மயிரிழைக் கருங்கோடு. திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

"அன்னைக்கே இது இருந்துச்சாக்கா?"

"இருந்திருக்கும்."

பிரித்துவைத்த கட்டின் உள்ளங்கைப் பக்கம் முழுவதும் இயந்திர எண்ணெய்க் கறை. வேலைக்குப் போனீர்களா என்று கேட்டேன். பதில் சொல்லாமல், கைப்பேசியில் திரையைப் படம் பிடித்தார். சூப்பர்வைசருக்குக் காட்ட வேண்டுமாம்.