பாட்டி பாட்டிதானே, அத்தை

மே 8, 2025, வியாழன், மஞ்சக்குப்பம்

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டது. அண்ணன் மகளுக்கு 600-க்கு 438. நல்ல தேர்ச்சிதான். ஆனால் எல்லாரும் 550-க்கு மேல் எதிர்பார்த்திருந்ததால் வீடு இழவு விழுந்தது போல் கிடக்கிறது. போன் ஓயவில்லை. எடுத்ததும் "எவ்வளவு?" என்கிறார்கள், பிள்ளை சாப்பிட்டாளா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதைத் தமிழக அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. உறவுக்காரர்கள் இன்னும் நிறுத்தவில்லை.

மே 10, சனி

அறையை விட்டு அவள் வெளியே வருவது அவள் பாட்டிக்கு, அதாவது என் அம்மாவுக்கு, கஞ்சி ஊட்ட மட்டும்தான். பக்கவாதம் வந்த பிறகு அம்மாவுக்கு வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் குழறல்தான். இன்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். தலையணையை நிமிர்த்தி வைத்தாள். ஒவ்வொரு கரண்டியையும் தன் மணிக்கட்டில் தொட்டுச் சூடு பார்த்தாள். கடைவாயில் வழிந்ததைத் துப்பட்டாவால் ஒற்றியெடுத்தாள். பாட்டி விழுங்கும்வரை அவசரப்படவே இல்லை.

"பாட்டி என்ன சாதித்துவிட்டாள் என்று இவ்வளவு பக்குவமாக ஊட்டுகிறாய்?" என்றேன்.

"பாட்டி பாட்டிதானே, அத்தை. இதற்குக் காரணம் வேறு வேண்டுமா?"

"உனக்கும் அதே நியாயம்தான், கண்ணு."

பதில் சொல்லாமல் கிண்ணத்தைக் கழுவப் போய்விட்டாள்.

மே 13, செவ்வாய்

அவளுக்காகத் தேடிப் படித்ததைக் குறித்து வைக்கிறேன். ஜெனிஃபர் கிராக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் தம் குழுவினருடன் 2002-இல் வெளியிட்ட ஆய்வு. மேற்படிப்புக்கு விண்ணப்பித்துக் காத்திருந்த கல்லூரி மாணவர்களைக் கவனித்திருக்கிறார்கள். தம் மதிப்பையெல்லாம் படிப்பிலேயே வைத்திருந்தவர்கள், இடம் கிடைத்த நாளில் மற்றவர்களைவிட அதிகம் பூரித்தார்கள்; மறுப்பு வந்த நாளில் மற்றவர்களைவிட அதிகம் ஒடிந்துபோனார்கள். கடிதம் வந்த நாளில் அவர்களுடைய அறிவு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. என்னை உறுத்துவது அதுதான்.

விலையுள்ள பொருளுக்கு ஈடாக இன்னொன்றை வைக்கலாம், மனிதருக்கு ஈடே இல்லை, அதனால் அவருக்கு உள்ளது மாண்பு என்று ஜெர்மானியத் தத்துவ அறிஞர் காண்ட் 1785-இல் வாதிட்டார். எனக்கு இது முழுக்கச் சம்மதம்.

"இப்படிப் பேசினால் பிள்ளைகள் படிப்பார்களா?" என்று அண்ணன் கேட்டார். படிப்பார்கள். கணக்கு டியூஷன் எடுக்கிறவள் என்ற உரிமையில் சொல்கிறேன். விடை தப்பினால் தானே ஒன்றுக்கும் உதவாதவள் என்று நினைக்கும் பிள்ளை, கடினமான கணக்கின் பக்கமே போகாது. தெரிந்ததையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கும். அந்தப் பயம் இல்லாத பிள்ளைதான் கரும்பலகைக்கு வந்து, தப்பாகப் போட்டு, எங்கே சறுக்கினோம் என்று தேடும். பிள்ளைகள் உழைக்க வேண்டும் என்று அண்ணனைப் போலவே நானும் விரும்புகிறேன். பயத்தைக் காட்டி உழைக்க வைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

மே 18, ஞாயிறு

குறிஞ்சிப்பாடி வழியாக வடலூருக்கு அவளை அழைத்துப் போனேன். அக்னி நட்சத்திர வெயில். பஸ்ஸில் கம்பியைத் தொட முடியவில்லை.

சத்திய தருமச்சாலையில் வள்ளலார் 1867 மே 23 அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. சாதி, மதம், ஊர் எதுவும் கேட்பதில்லை. பசி இருந்தால் போதும், சோறு உண்டு. எங்கள் கடலூர் மாவட்டத்துக்கு இதைவிடப் பெரிய பெருமை இல்லை என்பேன். பந்தியில் அவளுக்கு ஒரு பக்கம் கிழிந்த சட்டையோடு ஒரு பெரியவர், மறுபக்கம் காரில் வந்திறங்கிய குடும்பம். பரிமாறியவர் அத்தனை பேரிடமும் ஒன்றையேதான் கேட்டார்: "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" அவள் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டாள். ரிசல்ட் வந்த பிறகு வயிறாரச் சாப்பிட்டதை இன்றுதான் பார்க்கிறேன்.

திரும்பும்போது, "பெயரைக்கூடக் கேட்கவில்லையே, அத்தை" என்றாள்.

மே 21, புதன்

தேவனாம்பட்டினத்திலுள்ள பெரியார் கலைக் கல்லூரியில் தாவரவியலுக்கு விண்ணப்பிக்கப் போகிறாளாம். அண்ணனுக்குப் பொறியியல் ஆசை இன்னும் விடவில்லை. இரவு வெகுநேரம் பேசியும் முடிவாகவில்லை.

மாலையில் சிதம்பரத்துப் பாட்டி போன் செய்தார். அவளே எடுத்தாள். "438, பாட்டி" என்று குரல் இறங்காமல் சொல்லிவிட்டு, "உங்களுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது?" என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டாள்.