கானமயிலும் எர்த் வயரும்

ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் பக்கம் மின் டவர் லைன் வேலைக்குக் கிளம்பினால், வெயிலைப் பற்றிச் சொல்லிப் பயமுறுத்த ஊரே இருக்கும். அழிந்துவரும் பெரிய தரைப்பறவையான கானமயிலைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள். எங்கள் டீமுக்கு வேலையே அதற்காகத்தான்: லைனில் மின்சாரத்தை நிறுத்தி ஷட்டவுன் வாங்கி, டவர் ஏறி, இடியிலிருந்து லைனைக் காக்க உச்சியில் போகும் எர்த் வயரில் டைவர்ட்டர் மாட்ட வேண்டும். காற்றில் சுற்றும் சின்னத் தட்டுதான், பறவை தூரத்திலேயே பார்த்து விலகட்டும் என்று.

ஒருநாள் காலையில் சேவண் புல்லுக்குள் ஒன்றைப் பார்த்தேன். ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம், வெள்ளைக் கழுத்து, தலையில் கறுப்புத் தொப்பி. எங்களைக் கண்டதும் பறக்கவில்லை, அப்படியே நின்றது. அப்புறம் ஒவ்வொரு அடியாக அளந்து வைத்து நடந்து, போகிற போக்கில் ஒரு வெட்டுக்கிளியைக் கொத்திக்கொண்டது. காலில் முன்விரல் மூன்றுதான், பின்விரலே கிடையாது. கிளையைப் பற்றி உட்கார வழியில்லை, வாழ்க்கை முழுக்கத் தரைதான். பூச்சி, ஓணான், இலந்தைப்பழம் என்று தின்பதிலேயே பெரும்பாலும் ஈரம் கிடைத்துவிடும், தண்ணீர் இருந்தால் குடிக்கும். உச்சிவெயிலில் புதர் நிழலில் ஒதுங்கிவிடும். முட்டையும் வெறுந்தரையில்தான், பெரும்பாலும் ஒன்றே ஒன்று.

சிக்கலும் இங்கேதான். கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் நரி எந்தப் பக்கம் வந்தாலும் தெரியும், நேர் எதிரே பார்வை குறைவு. ஆண் பறவை 15 கிலோ வரை வரும். அந்த உடம்போடு பறக்கும்போது கடைசி நொடியில் கம்பி தெரிந்தால் எப்படித் திரும்பும்? மின்சாரம் போகும் தடித்த கண்டக்டர் கம்பிக்கு மேலே ஏறித் தப்பினாலும், அதற்கும் மேலே மெல்லிசாக எர்த் வயர் இருக்கிறது.

மிச்சம் இருப்பவை சுமார் 150, பெரும்பகுதி இந்தத் தார் பாலைவனத்தில். 2021இல் உச்ச நீதிமன்றம் லைன்களைப் பூமிக்கடியில் கொண்டுபோகச் சொன்னது, 2024இல் அதைத் தளர்த்தி நிபுணர் குழு அமைத்தது. 33 கேவி (33 ஆயிரம் வோல்ட்) லைனைப் புதைத்துவிடலாம், 765 கேவியை நீண்ட தூரத்துக்குப் புதைப்பது லேசுப்பட்ட காரியமில்லை என்பது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் அதையே சாக்காகச் சொல்லி சின்ன லைனையும் மேலேயே இழுப்பது எனக்குச் சம்மதமில்லை. டைவர்ட்டர் பாதி வைத்தியம்தான். இந்த வெயிலும் மணல்காற்றும் பிளாஸ்டிக்கைச் சும்மா விடாது. உடைந்ததை யார், யார் செலவில் மாற்றுவது என்று நான் பார்த்த ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை.